தேர்தற் செய்தியும் நடுவுநிலைமையும்: குமரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை என்பது. அச்சொல்லுக்குப் பொருள் காணும் பரிமேலழகர், பகைவர், அயலார், நண்பர் ஆகிய மூவரிடத்தும் அறம் பிறழாது ஒரு தன்மையராய் நிற்றலே நடுவுநிலைமை எனக் கொள்வர். இவ்விளக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. நண்பரும் பகைவரும் இல்லாதவனே நடுவுநிலையாளன் என்று அவர் கூறினாரல்லர். நண்பனும் பகைவனும் உடையான் ஒருவன், அவரை எடைபோடுங்கால் துலாக்கோலைச் சாய்க்காதிருத்தலே அவர் கருதிய நடுவுநிலைமை. எனவே சார்பு உடைமை வேறு, நடுவுநிலை பிறழ்தல் வேறு என்பது பெறப்படும். தேர்தற் காலத்துச் செய்திகளை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்யும். இதனைக் கருவியாகக் கொண்டு, குமரி மாவட்டத்துத் தேர்தல்களையும் அவற்றைப் பற்றிய செய்தி மொழியையும் நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. சார்புடைய இதழ்களின் மரபு

தமிழ் இதழியல் தொடக்கந்தொட்டே அரசியலோடு பிணைந்து வளர்ந்தது. திரு.வி.க. 1917ஆம் ஆண்டில் ஆசிரியப் பொறுப்பேற்ற தேசபக்தன் நாட்டு விடுதலைக்குக் குரல் கொடுத்தது. நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியிற் பிறந்த ப. ஜீவானந்தம், 1937இல் தோன்றிய ஜனசக்தியின் வழியாகப் பொதுவுடைமைக் கொள்கையைப் பரப்பினார். முரசொலி தி.மு.க.வின் குரலாயிற்று, நவசக்தி காங்கிரசின் குரலாயிற்று. இவ்விதழ்கள் தம் சார்பை மறைத்தன அல்ல. முகப்பைக் கண்ட அளவிலேயே வாசகர் அவற்றின் நிலைப்பாட்டை உணர்ந்தனர். உணர்ந்து, அதற்கேற்பத் தள்ளுவன தள்ளிக் கொள்ளுவன கொண்டனர்.

குமரி மண்ணின் வரலாறும் இவ்வாறே. திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் திவானின் ஆட்சியைக் கண்டித்து எழுதிய சுவதேசாபிமானி என்னும் மலையாள இதழின் அச்சகம் 1910இல் பறிமுதல் செய்யப்பட்டது. அதன் ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார். அரசைக் கண்டிப்பதே நடுவுநிலை பிறழ்தல் எனக் கருதப்பட்ட காலம் அது. பின்னர், 1951ஆம் ஆண்டு டி.வி. இராமசுப்பையர் திருவனந்தபுரத்தில் தினமலர் நாளிதழைத் தொடங்கினார். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என்னும் இயக்கத்துக்கு அவ்விதழ் துணைநின்றது. 1957இல் அது திருநெல்வேலிக்கு இடம் பெயர்ந்தது.

அக்காலத் தேர்தல்கள் எளியன அல்ல. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் ஏ. நேசமணி, முதற் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் வெற்றிபெற்றார். 1954ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி 12 இடங்களைப் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டமாயின. எல்லை எங்கு அமைதல் வேண்டும் என்பதே வாக்காளர் முன் நின்ற வினாவாக இருந்தமையால், ஒவ்வொரு செய்திச் சொல்லும் ஒரு வாக்கின் எடையைப் பெற்றது. ‘தென் திருவிதாங்கூர்’ என எழுதியவர் பழைய எல்லையை ஏற்றவராகவும், ‘தெற்கெல்லை’ என எழுதியவர் புதிய எல்லையை வேண்டியவராகவும் கொள்ளப்படுதற்கு இடமிருந்தது. ஒரே நிகழ்ச்சியைப் ‘போராட்டம்’ என்பார்க்கும் ‘கலகம்’ என்பார்க்கும் இடையே உள்ள தொலைவும் அத்தகையதே.

1968இல் நேசமணி மறைந்தார். அதனால் 1969 சனவரியில் நாகர்கோவில் தொகுதியில் இடைத்தேர்தல் நிகழ்ந்தது. 1967இல் விருதுநகரில் தோல்வியுற்ற காமராசர் ஈண்டு நின்று வென்றார். மாநிலத்தை ஆண்ட கட்சிக்கும் அதனால் வீழ்த்தப்பட்ட கட்சிக்கும் அக்காலத்தில் வெளிப்படையான ஏடுகள் இருந்தன. இரண்டையும் படிப்பார் தாமே ஒப்புநோக்கி ஒரு முடிவுக்கு வருதல் இயலும். வெளிப்பட்ட சார்பு வாசகனை ஏமாற்றுவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

2. குற்றங்களை அளக்கும் கோல்

அங்ஙனமாயின் நடுவுநிலை பிறழ்ந்த செய்தியை எவ்வாறு அறிவது? தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பாயிரமும் நூலுக்கு ஆகாத குற்றங்களைப் பத்துப் பத்தாகத் தொகுத்துரைக்கின்றன. அவை நூலுக்குக் கூறப்பட்டனவேனும், செய்தி உரைநடைக்கும் பொருந்துவன பல அவற்றுள் உள.

முதலாவது குன்றக் கூறல். ஒரு வேட்பாளரின் கூட்டத்தை முழுப் பத்தியில் விரித்து, எதிர் வேட்பாளரின் கூட்டத்தை ஒரு வரியில் முடித்தல் இதன்பாற்படும். எழுதிய அவ்வொரு வரியில் பொய் யாதும் இல்லாதிருக்கலாம். குறை, எழுதாது விட்டதில் உள்ளது. இரண்டாவது மிகைபடக் கூறல். ‘மக்கள் வெள்ளம்’, ‘எழுச்சி அலை’ முதலிய தொடர்கள் எண்ணிக்கையைக் கூறாமலே எண்ணிக்கையை உணர்த்த முயல்வன. மூன்றாவது, நன்னூலார் கூறும் மற்றொன்று விரித்தல். வேட்பாளரின் சட்டமன்றப் பணி பற்றிய செய்தியில் அவர்தம் குடும்பப் பூசலை விரித்தல் இதற்கு எடுத்துக்காட்டு. நான்காவது, இழிசொல்லால் பிறர்க்கு இழுக்கம் உரைத்தல். ஐந்தாவது, எழுதுவோன் தன் உள்ளத்துக் கருதியதையே உலகத்து இயல்பாகக் கூறல். ‘இத்தொகுதியில் இன்னார் வெல்வது உறுதி என்று மக்கள் பேசிக்கொள்கின்றனர்’ என்பது போன்ற தொடர்களில் ‘மக்கள்’ என்பார் பெரும்பாலும் எழுதுவோனே ஆவர்.

3. இலக்கணத்தில் ஒளிந்திருக்கும் சார்பு

மேற்கூறியவை எளிதிற் காணத்தக்கவை. காணுதற்கு அரியன இடைச்சொற்களிலும் வினைமுற்றுகளிலும் ஒளிந்திருப்பவை. இவற்றைத் தமிழ் கற்றாரே தெளிவுற எடுத்துக் காட்டவல்லர்.

‘கூட்டத்திற்கு ஐந்நூறு பேர் வந்தனர்’ என்பது செய்தி. ‘ஐந்நூறு பேரே வந்தனர்’ என்பது தீர்ப்பு. பிரிநிலை ஏகாரம் ஓர் எழுத்தளவினதாய் நின்று, வந்திருத்தற்குரியார் பலர் வாராமையைச் சுட்டுகின்றது. ‘அமைச்சரும் வந்தார்’ என்னும் எச்சவும்மை, வரற்பாலர் அல்லாதாரும் வந்தார் என ஒரு வியப்பையோ, பிறரோடு ஒருவராய் வந்தார் என ஒரு சிறுமையையோ இடத்திற்கேற்ப ஏற்றவல்லது. ‘அவர் பேசியதும் கூட்டம் கலைந்தது’ என்னும் தொடரில் முன்பின் நிகழ்ந்தவை காரண காரியமாகத் தோன்றுகின்றன. கூட்டம் மழையாற் கலைந்திருப்பினும், படிப்போன் உள்ளத்தில் பேச்சே காரணமாகப் பதியும்.

பிறர் பேச்சை எடுத்துரைக்கும் வினைகளும் இத்தன்மையனவே. ஒருவர் ‘கூறினார்’ எனின் நடுவுநிலை. ‘விளக்கினார்’ எனின் அவர் கூறியது உண்மை என்னும் உடன்பாடு. ‘ஒப்புக்கொண்டார்’ எனின் முன்னர் மறைத்தார் என்னும் குறிப்பு. ‘மழுப்பினார்’ எனின் வெளிப்படையான பழி. ஒரே பக்கத்தில் ஒரு கட்சியினர் எல்லாம் ‘விளக்க’, மறு கட்சியினர் எல்லாம் ‘மழுப்ப’ நேருமாயின், அப்பக்கத்தின் சார்பை வேறு சான்று தேடி நிறுவ வேண்டுவதில்லை.

செயப்பாட்டுவினை செய்தோனை மறைப்பதற்கு இடந்தருகின்றது. ‘கல் எறியப்பட்டது’ என்புழி எறிந்தவர் யார் என்பது தெரியாமையால் அவ்வாறு எழுதப்படின் குற்றமில்லை. தெரிந்தும் எழுதப்படின் அது குன்றக் கூறலே. தொடரமைப்பின் முறைவைப்பும் நோக்கத்தக்கது. ‘அவர் நேர்மையானவர், ஆனால் பட்டறிவு இல்லாதவர்’ என்பதும் ‘அவர் பட்டறிவு இல்லாதவர், ஆனால் நேர்மையானவர்’ என்பதும் ஒரே இரு செய்திகளைக் கொண்டவை. ஆயினும் தமிழில் இறுதியில் நிற்பதே வலிபெறுதலின், முன்னது வாக்கை விலக்குகின்றது. பின்னது வாக்கை அழைக்கின்றது.

4. குமரி மாவட்டத்திற்குரிய தனிச் சிக்கல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காட்டினர், கிறித்தவர் 46.85 விழுக்காட்டினர். இதனால், கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் நிலையையும் சமயக் கணக்காகவே எழுதிவிடும் வழக்கம் எளிதிற் படிகின்றது. வேட்பாளர் தாமோ தம் முகவரோ சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு முறைகேடெனக் கொள்கின்றது. ஆயின், ‘இன்ன சமயத்தார் வாக்கு இன்னார்க்கே’ என எழுதும் செய்தியாளனை அப்பிரிவு தொடுவதில்லை.

அக்கணக்கு வெறும் கணக்கன்று. ஒரு மீனவர் துறைமுகத்தைப் பற்றியும், ஓர் உழவர் கால்வாய் நீரைப் பற்றியும், ஓர் இரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி கூலியைப் பற்றியும் எண்ணி வாக்களிக்க உரியர். அவரை நோக்கி, ‘நீவிர் எண்ண வேண்டுவதில்லை, நும் பிறப்பே நும் வாக்கு’ என்று அச்செய்தி உரைக்கின்றது. தன் கருத்தை உலகியல்பாக உரைத்தல் என்னும் குற்றத்தின் கொடிய வடிவம் இது. 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டத்தில் இத்தகைய எழுத்து எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை விரித்தல் வேண்டா.

5. சட்டத்தின் எல்லை

பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போல வெளியிடும் வழக்கம் பற்றி இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு 2010இல் விரிவான அறிக்கை அளித்தது. உத்தரப் பிரதேசத்துப் பிசௌலித் தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், செய்தி வடிவில் வந்த விளம்பரத்தின் செலவைத் தம் தேர்தற் கணக்கிற் காட்டாமையால், 2011இல் தேர்தல் ஆணையத்தால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இத்தகைய செய்திகளைக் கண்காணிக்கத் தேர்தற்காலத்தில் மாவட்டந்தோறும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கப்படுகின்றது. துண்டறிக்கையில் அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயர் இருத்தல் வேண்டும் என அச்சட்டத்தின் 127அ பிரிவு விதிக்கின்றது.

இவை அனைத்தும் ஒரு நெறியில் நிற்பதை உணரலாம். சட்டம் சார்பைத் தடுக்கவில்லை, மறைவைத் தடுக்கின்றது. உடைமையாளரோ ஆசிரியரோ தேர்தலில் நிற்பதும் குற்றமன்று. தினத்தந்தியை நிறுவிய சி.பா. ஆதித்தனார் சட்டப்பேரவைத் தலைவராக இருந்தார். தொலைக்காட்சி நிறுவனம் உடைய எச். வசந்தகுமார் 2019இல் கன்னியாகுமரித் தொகுதியில் வென்றார். இவ்வுறவுகள் வாசகர்க்குத் தெரிந்தனவாக இருக்கும் வரையில் எடைபோடுதல் அவர் கையில் உள்ளது. ஆனால் ஏகாரத்தையும் வினைமுற்றையும் அளக்க எக்குழுவாலும் இயலாது. யார் எழுதினார், யார் பொருட்டு எழுதினார் என்னும் குறிப்பே இன்றிக் கைப்பேசி வழியே ஊரெங்கும் பரவும் சிறு செய்திகளின் திறத்தில் அவ்வளவும் இயலாது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், நடுவுநிலைமை என்பது சார்பின்மை அன்று. சார்பை வெளிப்படுத்துதலும், எதிர்த்தரப்பின் கூற்றை அவர் கூறியவாறே குறையாது மிகையாது தருதலும், செய்தியையும் கருத்தையும் வேறு பிரித்தலும் ஆகிய மூன்றன் கூட்டம் என்பது புலனாகும். சட்டத்தின் கை நீளாத இடத்தில் இலக்கண அறிவு நீளுதல் வேண்டும். மரபியற் குற்றங்களையும் இடையியலையும் தேர்வின் பொருட்டு மட்டும் பயிற்றாது, நாளிதழ்ப் பக்கத்தில் வைத்துப் பயிற்றுதல் தமிழ்த்துறைகளின் கடனாகும். பயின்று வெளிச்செல்வாருட் சிலர் செய்தி எழுதுவோராகவும், ஏனையோர் அனைவரும் செய்தி படித்து வாக்களிப்போராகவும் விளங்குவர் அன்றோ? 1952 முதல் இன்றுவரை குமரி மாவட்டத் தேர்தல்கள் பற்றி வெளிவந்த இருமொழி இதழ்களின் படிகளைத் தொகுத்து, ஒரே நாளின் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு ஏடுகள் உரைத்தவாற்றை ஒப்பிட்டு ஆராய்தல், முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பயனுள்ள பணியாகும். பழைய படிகள் ஆண்டுதோறும் செல்லரித்து அழிகின்றமையின், அப்பணி விரைந்து தொடங்கற்பாலது.