340 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

சேலத்தின் காமலாபுரம் விமான நிலையமும் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 78 டிகிரி கிழக்கை ஒட்டி இருக்கின்றன. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், கோடு திண்டுக்கல்லுக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே கடந்து செல்லும். நீளம் சுமார் 340 கி.மீ. இந்தத் தடத்தில் கணக்குக்காக ஓர் ஏடிஆர் 72 விமானத்தை விட்டுப் பார்ப்போம். வானில் அதன் சீரான வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வகுத்தால் விடை 41 நிமிடம். ஆனால் இவ்வளவு தூரத்துக்குக் கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். விமானம் நகரத் தொடங்கியது முதல் மீண்டும் நிற்கும் வரை கணக்கிடுவதே அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மெதுவாக மேலேறுவதும், காற்றுக்கு எதிராகத் தரையிறங்க வளைந்து வருவதும் அதில் அடங்கும். தூரம் பாதியானாலும் இந்த நிமிடங்கள் பாதியாவதில்லை.

மணிக்கு 800 கி.மீ. பறக்கும் ஜெட்டை விட்டால் நேரம் மிச்சமாகாதா? பெரிதாக ஆகாது. 35,000 அடியிலிருந்து சீராக இறங்க மட்டுமே சுமார் 190 கி.மீ. தேவை, அவ்வளவு உயரம் ஏறவும் ஏறத்தாழ அதே தூரம் பிடிக்கும். 340 கி.மீ. தடத்தில் ஜெட் உச்ச உயரத்தைத் தொடுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். 10,000 அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடும் உண்டு. குறுந்தொலைவில் ஜெட்டின் வேகம் பெரும்பாலும் வீண்தான்.

பயணிக்கோ கணக்கு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. திண்டுக்கல்காரர் சென்னைக்குப் பறக்க, சுமார் 75 கி.மீ. தள்ளியிருக்கும் மதுரை விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கே ஒன்றரை மணி நேரம். பதிவு, பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். சுமார் 420 கி.மீ. பறக்க ஒன்றேகால் மணி. மீனம்பாக்கத்தில் வெளியே வர அரை மணி. கூட்டினால் நாலேகால் மணிக்குக் குறையாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத், திண்டுக்கல்லில் ஏறியவரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பொழுதில் எழும்பூரில் இறக்கிவிடுகிறது. வேகத்தில் பல மடங்கு வேறுபாடு. மிச்சமோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அப்படியானால் திண்டுக்கல்லுக்கே ஒரு விமான நிலையம் வந்தால் என்ன என்று கேட்கலாம். வந்தால் மதுரைக்குப் போகும் ஒன்றரை மணி மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளில் ஒன்றிரண்டு விமானங்களே வந்துபோகும் நிலையத்தில், அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதிலேயே மிச்சம் கரைந்துபோகும். டெல்லி போன்ற 2,000 கி.மீ. பயணத்தில் நிலை வேறு: அங்கே காத்திருப்பும் சோதனையும் மொத்தத்தில் சிறு பங்கு, விமானத்துக்கு ரயில் ஈடாகாது. ஆனால் அத்தகைய நெடுந்தொலைவுச் சேவைகள் பயணிகள் திரளும் பெரிய நிலையங்களையே நாடும். ஆகவே திண்டுக்கல் கேட்க வேண்டியது புதிய ஓடுபாதை அல்ல. மதுரை விமான நிலைய வாசல்வரை, விமான நேரங்களுக்கு ஏற்ப ஓடும் நேரடிப் பேருந்து.