பழைய பேஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறீர்களா?

மளிகைக் கடையோடு வாடகைப் பாத்திரம், நாற்காலி, மைக் செட் என்று துணைத் தொழில் செய்யும் உறுப்பினர்கள் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம்மில் பலர் உண்டு. ஆடியில் அம்மன் கோயில் கூழ் வார்ப்பு, மாசியில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் விழா, இடையில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு என்று வேலை வந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் நான்கு குழாய் ஹார்ன் போதும். இப்போது "பேஸ் அடி வயித்துல இடிக்கணும்" என்பதுதான் முதல் நிபந்தனை. புது மிஷினின் விலைக்கு நம் முதல் எட்டாது. எனவே பழையதைத் தேடிப் போகிறோம். அப்படிப் போய் நான் பட்ட நஷ்டம் மற்றவர்களுக்கு வர வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

சில ஆண்டுகளுக்கு முன் 9,000 ரூபாய்க்கு ஒரு பழைய பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். விற்றவர் ஒரு சிறிய பெட்டியை மாட்டி, பாதி வால்யூமில் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆடி வெள்ளியன்று விழா தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 'டம்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. 18 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் போயின. விழாக் குழுவினர் பாக்கித் தொகையைத் தரவில்லை. அடுத்த ஆண்டு வேறு ஆளிடம் போனார்கள். பருப்பில் வண்டு இருந்தால் மாற்றிக் கொடுக்கலாம். தெருவே கூடி நிற்கும்போது நின்றுபோன பாட்டை எப்படி மாற்றிக் கொடுப்பது?

மிஷினைத் திறந்து பார்த்த ராயபுரத்து மெக்கானிக் பாய் சொன்னார்: "அண்ணாச்சி, அரிசி மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுக்காம வாங்குவீங்களா? இதை மட்டும் மேல் மூடியைப் பார்த்தே வாங்கிட்டீங்களே!" உள்ளே ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தது. அதைவிட மோசம், ஸ்பீக்கரைக் காப்பாற்ற வேண்டிய ரிலேயை முன்பே யாரோ கம்பி வைத்து நேராக இணைத்திருந்தார்கள். அதனால் டி.சி. மின்சாரம் முழுவதும் ஸ்பீக்கர் காயிலில் இறங்கிவிட்டது.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பிறகு, எலெக்ட்ரானிக் சாமானுக்கு நம்மவர்கள் பெரும்பாலும் போவது ரிச்சி தெருவுக்கும், பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜாருக்கும்தான். எங்கே வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள்.

1. பின்புறச் சீட்டில் வோல்டேஜைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு 100 வோல்ட், அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் புகைதான் வரும்.

2. முதல் முறை 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்றே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

3. அடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டி.சி. அளவைப் பாருங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. சில வோல்ட் காட்டினால் பெட்டியை மாட்டாதீர்கள். நான் அன்று இதைச் செய்திருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் பிழைத்திருக்கும்.

4. ஆன் செய்த சில நொடியில் ரிலேயின் 'டிக்' சத்தம் கேட்கிறதா? கேட்காவிட்டால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மிகப் பழைய சில மிஷின்களில் ரிலேயே இருக்காது. இருந்தும் கம்பியால் தாண்டியிருந்தால் அந்த மிஷின் வேண்டாம்.

5. உங்கள் சொந்தப் பேஸ் பெட்டியைக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். தாழ்ந்த ஒலிக்குத்தான் அதிகக் கரண்ட் இழுக்கும். சின்னப் பெட்டியில் பாடிய மிஷின் பெரிய பெட்டியில் படுத்துவிடும்.

வாட் கணக்கு

"2,000 வாட்" என்று பி.எம்.பி.ஓ. கணக்கில் சொல்வது, பொட்டலத்தின் எடையைச் சாக்கோடு சேர்த்துச் சொல்வது போல. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். ஃப்யூஸைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். 2.5 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் 230-ஆல் பெருக்க 575 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் தொடர்ந்து 1,000 வாட் எங்கிருந்து வெளியே வரும்?

ஓம் கணக்கும் முக்கியம். 8 ஓம் பெட்டி இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டைப் போட்டால் 2 ஓம். பல பழைய மிஷின்கள் இந்த 2 ஓமைத் தாங்கா. மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் உள்ள 100 வோல்ட் லைன் முனை ஹார்ன்களுக்கானது. பேஸ் பெட்டியை அதில் நேராக மாட்டக் கூடாது.

கோளாறும் காரணமும்

வால்யூமை முழுதும் குறைத்த பிறகும் 'உம்' என்ற இரைச்சல் இருந்தால், பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் காய்ந்துபோயிருக்கலாம். பழைய மிஷினில் இது சகஜம். மாற்றும்போது வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், குறையக் கூடாது. வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால் கோளாறு பெரும்பாலும் முன்னால் உள்ள மிக்சர், வயர், எர்த் பக்கம்தான்.

நாப் திருப்பினால் கரகரப்பு, ஒரு பக்கம் விட்டு விட்டுப் பாடுவது ஆகியவை நம் கடலோரத்து உப்புக் காற்றின் வேலை. முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காக விலையில் பேரம் பேசலாம், மிஷினை ஒதுக்க வேண்டியதில்லை.

மிஷின் சீக்கிரம் கொதித்தால் ஃபேனையும் காற்று வழியையும் பாருங்கள். நம் பகுதித் தூசி அடைத்திருக்கும். மெல்லிய சத்தத்தில் மட்டும் ஒலி உடைந்தால் பயாஸ் சரிசெய்ய வேண்டும். அது மெக்கானிக் வேலை.

டிரான்சிஸ்டர் மாற்றினால் போலிச் சரக்கில் ஏமாற வேண்டாம். பெயரை அழித்து மறுபெயர் அச்சிட்டு விற்கிறார்கள். பாதி விலைக்குக் கிடைப்பது பாதி இரவுகூடத் தாங்காது.

உயிர் முக்கியம்

ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாதவர்கள் உள்ளே கை வைக்க வேண்டாம். இரைச்சல் போக வேண்டும் என்று எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக் பிடிக்கும் பையனுக்கு அது எமன்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் வைக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று

சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். 15 நாள் ஓடிப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று எழுத்தில் பேசுங்கள். மெக்கானிக்கை உடன் அழைத்துப் போகக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் செலவல்ல.

என் மிஷினைப் பாய் சரிசெய்து கொடுத்துவிட்டார், இன்றும் ஓடுகிறது. அந்தத் தெருவிலிருந்து மட்டும் இன்னும் யாரும் என்னிடம் செட் கேட்டு வரவில்லை.