காற்றுத் துப்பாக்கிக்கு அமுக்கக் காற்று: நிரப்பும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தல்

10 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடும் போட்டிகளில் உபயோகிக்கப்படும் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டை உந்தித் தள்ளுவது, குழலின் கீழே பொருத்தப்பட்ட சிறு ஸிலிண்டரில் அமுக்கி அடைக்கப்பட்டுள்ள காற்றேயாகும். 2008-ஆம் ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் பந்தயத்தில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் பெற்றது இவ்வகைத் துப்பாக்கியைக் கொண்டுதான். துப்பாக்கியைத் தேர்வதில் பயிற்சியாளர்கள் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். அதற்குக் காற்று நிரப்பும் சாதனத்தைத் தேர்வதில் அக்கவனத்தில் பாதியையேனும் காண்பது அரிது. ஆபத்து அதிகமாக இருப்பதோ இரண்டாவதில்தான்.

இப்பிரச்சினை புதிதன்று. 1780-ஐ ஒட்டி ஆஸ்திரியப் படையில் சேர்க்கப்பட்ட ஜிரான்டோனி காற்றுத் துப்பாக்கியின் கலத்தை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை இயக்க வேண்டியிருந்ததாம். அத்துப்பாக்கி நீடித்து வழங்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 200 பார் அழுத்தம் வரை நிரப்பப்படுகின்றன. ஒரு பார் என்பது கிட்டத்தட்ட வாயு மண்டலத்தின் அழுத்தம். எனவே 200 பாரில் கலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் சுவர்மீதும் 200 கிலோகிராம் எடைக்குச் சற்று மேற்பட்ட விசை தாக்குகிறது. மோட்டார் வண்டியின் டயருக்குத் தேவைப்படுவது இரண்டு மூன்று பார் மட்டுமே. ஆகவே டயர்க் கடையிலுள்ள காற்றமுக்கி இவ்வேலைக்குச் சிறிதும் உதவாது.

மூன்று கட்டங்களில் காற்றை அமுக்கும் கைப்பம்பு விலை குறைந்தது, மின்சாரம் வேண்டாதது. 0.2 லிட்டர் ஸிலிண்டரை 100 பாரிலிருந்து 200 பாருக்கு உயர்த்தப் புறக்காற்றில் 20 லிட்டர் தேவை. ஒரு வீச்சில் 150 கன சென்டிமீட்டர் காற்றை உள்ளிழுக்கும் பம்பை 130 முறைக்கு மேல் இயக்க வேண்டும். கடைசி வீச்சுகளில் உடலின் எடை முழுவதையும் கைப்பிடிமீது சாய்க்க நேரிடும். ஒருவர் தனியே பயில்வதற்கு இது போதும். பத்துப் பேர் பயிலும் கூடத்திற்குப் போதாது.

கூடத்திற்கு ஏற்றது பெரிய சேமிப்பு ஸிலிண்டர். இதனைத் தேர்வதில்தான் பலர் தவறுகின்றனர். 230 பார் தாங்கும் 12 லிட்டர் ஸிலிண்டர் ஒன்றும், 300 பார் தாங்கும் 7 லிட்டர் ஸிலிண்டர் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். பாயில் விதிப்படி முன்னதில் 2,760 லிட்டர் காற்றும், பின்னதில் 2,100 லிட்டரும் அடங்கும். பெரியதே மேலென்று தோன்றும். ஆனால் காற்று மிகுந்த அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்திற்கே பாயும். ஆகையால் 200 பாருக்கு மேலுள்ள பகுதி மட்டுமே துப்பாக்கியை முழுமையாக நிரப்பப் பயன்படும். 12 லிட்டர் ஸிலிண்டரில் அப்பகுதி 360 லிட்டர், அதாவது 18 தடவைக்குரியது. 7 லிட்டர் ஸிலிண்டரிலோ 700 லிட்டர், 35 தடவைக்குரியது. மிகுந்த அழுத்தத்தில் காற்று பாயில் விதியினின்றும் சற்று வழுவுவதால் இவ்வெண்கள் நடைமுறையில் குறையும். எனினும் சிறிய ஸிலிண்டரே ஏறத்தாழ இருமடங்கு பயன் தரும்.

இந்த நன்மையுடன் ஓர் அபாயமும் சேர்ந்து வருகிறது. 200 பாருக்கென அமைந்த கலத்துடன் 300 பார் ஸிலிண்டரை இணைத்து வால்வை அலட்சியமாகத் திறந்தால், சில விநாடிகளில் அளவு மீறிவிடும். ஆதலால் நம்பத்தக்க அழுத்தமானியும், அழுத்தத்தை 200 பாருக்குள் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் இல்லாமல் இதனை வாங்குதல் தகாது.

சேமிப்பு ஸிலிண்டரை நிரப்ப உயர் அழுத்தக் காற்றமுக்கி வேண்டும். அதன் வேகத்தைவிட வடிகட்டியையே முதலில் கவனிக்க வேண்டும். 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஈரம் நிரம்பிய 1,000 லிட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி உண்டு. அதனை 200 பாருக்கு அமுக்கினால் சுமார் 5 லிட்டராகச் சுருங்கும். குளிர்ந்தபின் அதில் ஆவியாக நிற்கக்கூடியது ஒரு கிராமுக்கும் குறைவு. எஞ்சியது நீராகப் படிந்து, எஃகுக் கலத்தின் உட்சுவரை வெளியே தெரியாமலே துருப்பிடிக்கச் செய்யும். சென்னை, கொச்சி போன்ற கடற்கரை நகரங்களில் இது கோடையிலும் மழைக் காலத்திலும் ஒருங்கே உள்ள தொல்லை. நீர் பிரிப்பானும், ஈரம் உறிஞ்சும் வடிகட்டியும் இல்லாத காற்றமுக்கி எவ்வளவு மலிவாயினும் நஷ்டமே. கைப்பம்புக்கும் இது பொருந்தும்.

எண்ணெய் மற்றொரு பகை. திடீரென அமுக்கப்படும் காற்று கடும் உஷ்ணமடைகிறது. டீஸல் எஞ்சினில் எரிபொருள் பற்றிக்கொள்வது இதனால்தான். இணைப்புகளில் சாதாரண எண்ணெய் தடவினால் அங்கும் அதுவே நிகழக்கூடும். காற்றுக்குப் பதிலாகப் பிராணவாயுவை நிரப்புவது உயிருக்கே உலை வைப்பதாகும்.

ஸிலிண்டரின் கழுத்தில் பொறித்துள்ள சோதனைத் தேதியையும், தாங்கும் அழுத்தத்தையும் பார்த்த பின்னரே பணம் தர வேண்டும். இந்தியாவில் வாயு ஸிலிண்டர்கள் 2016-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றை மேற்பார்க்கிறது. துப்பாக்கியிலுள்ள சிறு ஸிலிண்டருக்கும் காலவரம்பு உண்டு. வரம்பு கடந்ததை உபயோகிக்காதிருப்பது போட்டியாளரின் பொறுப்பென்பது சர்வதேசப் போட்டி விதி.

நிரப்பும்போது வால்வை மெல்லத் திறந்து, கலம் கையில் சூடாகத் தோன்றினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆறியதும் அழுத்தமானியின் முள் சற்று இறங்குவது கசிவினால் அன்று, உஷ்ணம் குறைந்ததனால். முடிந்தபின் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்து, முள் பூஜ்யத்தில் நின்ற பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும்.