திருமலையின் இரண்டு நேரங்களும் கணினியின் ஒரே கணக்கும்

2006 ஏப்ரல் 15ஆம் திகதி நள்ளிரவுக்குப் பிந்திய அரை மணித்தியாலம் இலங்கையில் இரண்டு தடவை வந்தது. 12.30 ஆனதும் கடிகாரங்கள் மறுபடி 12.00க்குத் திருப்பப்பட்டன. மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 மே 25இல் ஒரு மணித்தியாலத்தை முன்னே தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அதில் பாதியைத் திரும்ப எடுத்தார்கள். மீதிப் பாதி பத்தாண்டு நீடித்து, அந்த இரவோடு ஒழிந்தது.

விடுதலைப் புலிகள் 1996இன் இந்த மாற்றத்தை ஒருபோதும் ஏற்கவில்லை. போர்நிறுத்த காலத்தில் திருகோணமலை நகரத்தில் காலை 8 மணி என்றால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் அவர்கள் வசமிருந்த சம்பூரில், அவர்களின் நேரப்படி 7.30. ஒரே குடாவின் இரு கரையிலும் இரண்டு நேரம்.

இத்தனை திருப்பங்களையும் கணினிகள் தாங்கிக்கொண்டதற்குக் காரணம், அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். முதலில் அது நேரத்தைச் செக்கனின் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது. 32 பிட் எண்ணுக்குள் அந்தக் கணக்கு இரண்டரை ஆண்டுகூடத் தாங்காது. பிறகு முழுச் செக்கனுக்கு மாறி, 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவைத் தொடக்கமாக வைத்தார்கள். இயந்திரம் அங்கிருந்து செக்கன்களை மட்டும் எண்ணும். எந்த ஊரில் அது எத்தனை மணி என்பது தனி அட்டவணையின் வேலை.

எனவே 2006இல் கணக்கைத் தொடவேண்டியிருக்கவில்லை. அட்டவணையில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். இருமுறை வந்த அந்த அரை மணித்தியாலத்தில் சேமிக்கப்பட்ட கோப்புகள்கூட வெவ்வேறு எண்களோடு ஒழுங்காக நிற்கும். அண்ட்ரொய்ட் தொலைபேசியின் அடியில் ஓடும் லினக்ஸ், யுனிக்ஸின் வழிமுறையைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஐபோனின் முறைமை யுனிக்ஸ் வம்சத்தையே சேர்ந்தது. கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள மூதூரில் ஒருவர் கையிலிருக்கும் தொலைபேசியும் அந்தக் கணக்கையே எண்ணுகிறது.

அட்டவணையில் இலங்கை முழுவதற்கும் கொழும்பின் பெயரில் ஒரே பதிவுதான். வன்னியிலும் கிழக்கிலும் புலிகள் வசமிருந்த பகுதிகளில் பத்தாண்டு நடைமுறையில் இருந்த மற்ற நேரத்துக்குத் தனிப் பதிவு கிடையாது. அக்காலத்துப் படங்களையும் வைத்தியசாலைக் குறிப்புகளையும் சாட்சியங்களையும் ஒப்பிடுவோர் இந்த அரை மணித்தியாலத்தை மறக்கக் கூடாது. ஒரு சம்பவம் எதற்கு முன், எதற்குப் பின் என்பதே அதனால் மாறிவிடலாம்.

டொஸ் என்னும் பணிசெயல் முறைமை யுனிக்ஸைவிட வேறு வழியில் வந்தது. கேரி கில்டோலின் சிபி/எம் முறைமையைப் பின்பற்றி டிம் பற்றர்சன் எழுதியதை மைக்ரோசொப்ட் வாங்கி, 1981இல் ஐபிஎம் கணினியில் ஏற்றியது. டொஸ் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவைத்தது. எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இல்லை. ஒருவர் மேசையில் தனியே நின்ற கணினிக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் பென்டிரைவ்களில் இன்றும் புழங்கும் ஃபற் அமைப்பு அதே பழக்கத்தைச் சுமக்கிறது. இருமுறை வந்த அரை மணித்தியாலத்தில் முதலாவது எது, இரண்டாவது எது என்று அதனால் சொல்லவே முடியாது. யுனிக்ஸ்காரர்கள் செய்ததே சரி.

ஆனால் அவர்களும் ஒரு கடனை விட்டுச்சென்றார்கள். 32 பிட்டில் எண்ணக்கூடிய கடைசிச் செக்கன் 214,74,83,647. அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8.44.07க்கு வரும். அடுத்த செக்கனில் திருத்தப்படாத கருவி 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய தொலைபேசிகள் 64 பிட்டில் எண்ணுவதால் தப்பிக்கும். 32 பிட் கருவிகளுக்கும் 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.6 வழி செய்தது. ஆபத்து, பொருத்தியபின் யாரும் மென்பொருளைப் புதுப்பிக்காத கருவிகளில்தான்: படகின் வழிகாட்டி, பம்பிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வாயில் பதிவுக் கருவி.

இந்தத் தவறைக் காண 2038 வரை காத்திருக்கவும் தேவையில்லை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பில் 2022 ஜனவரியில் ஒப்பமிட்ட குத்தகையின் காலம் 50 ஆண்டு. அது முடியும் 2072ஐ 32 பிட் கணக்கில் எழுதும் மென்பொருள் இன்றே தவறும். நெடுங்காலக் கடனுக்கும் காணிக் குத்தகைக்கும் இதே கதைதான்.

துறைமுகத்திலும் மீன்பிடிச் சங்கங்களிலும் பிரதேச சபைகளிலும் கருவி வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள்: 2038க்குப் பிந்திய திகதிகளை அது சரியாகக் கையாளும் என்ற உறுதியை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால், வேலையில் இல்லாத ஒரு கருவியில் திகதியை 2038 பெப்ரவரிக்கு மாற்றிப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.