மருந்துக்கு அடங்காத காசநோய்: ஆய்வுக்கூடம் விடை காணும் வழிகள்

காசநோய்க்கு எதிரான முதல் வலிய மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டது. ஆயின், 1948-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் உடன் தந்தது. அம்மருந்தை மட்டும் பெற்ற நோயாளிகள் பலரிடம், சில மாதங்களுக்குள் அதற்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன. ஒரு நோயாளியின் கிருமிக்கு எந்த மருந்து பயன்படும் என்பதை முன்னரே அறிவது எவ்வாறு?

கிருமியையே வினவுவது பழைய வழி. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜார்ஜ் கனெட்டியும் அவர்தம் குழுவினரும் 1960-களில் வகுத்த விகித முறையில், சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளை, முட்டை கலந்த ஊடகம் உள்ள குழாய்களில் இடுவர். ஒன்றில் மருந்து இராது, மற்றொன்றில் இருக்கும். மருந்துள்ள குழாயில் வளர்பவை, மருந்தற்றதில் வளர்பவற்றில் நூற்றில் ஒரு பங்கை எட்டினால் அக்கிருமி எதிர்ப்புடையது எனக் கொள்வர். எந்தப் பெருங்கூட்டத்திலும் தற்செயலாகச் சில எதிர்ப்புக் கிருமிகள் இருக்கவே செய்யும்; அவற்றின் பங்கு இந்த அளவைத் தொடும்போதே மருந்து தோற்கும் வாய்ப்பு மிகுகிறது.

இம்முறையின் குறை காலத்தாழ்வு. இக்கிருமி ஒருமுறை இரட்டிப்பதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. ஆகவே முடிவு வரப் பல வாரங்கள் கழிகின்றன. அதற்குள் நோயாளி பயனற்ற மருந்தை உட்கொள்கிறார். அவருடைய இருமல் வீட்டாருக்கும் நோயைப் பரப்புகிறது. திரவ ஊடகம் இக்காலத்தைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை.

மரபணுவைப் படிப்பது புதிய வழி. ரிபாம்பிசின் எதிர்ப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு, ஆர்பிஓபி என்னும் மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியின் மாற்றங்களால் விளைகிறது. 2010-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்பளித்த எக்ஸ்பர்ட் சோதனை, அப்பகுதியைச் சளியிலிருந்தே ஆராய்ந்து இரண்டு மணி நேரத்தில் விடை கூறியது.

எனினும், தேடிய இடத்தில் இல்லாததை அக்கருவி காணாது. தென்னாப்பிரிக்காவை ஒட்டிய சுவாசிலாந்தில் (இன்றைய எஸ்வாட்டினி) 2009-இல் திரட்டப்பட்ட பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டில், மாற்றம் அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே இருந்தது. அவற்றைக் கருவி 'எதிர்ப்பற்றவை' என்றே காட்டும். திரவ ஊடகமும் இவ்வகைக் கிருமிகளைச் சிலபோது தவறவிடுவதுண்டு. பெடாகுவிலின் போன்ற புதிய மருந்துகளுக்கான எதிர்ப்பு மாற்றங்களோ ஒரு சிறு பகுதியில் அடங்குவதில்லை.

ஆதலின் விரைவுச் சோதனை சிகிச்சையைத் தொடங்குவதற்கு உரியது; அதன் விடையும் நோயாளியின் நிலையும் முரண்படுமிடத்தில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பொறுமையும் வேண்டும்.