பரப்பும் அழுத்தமும்: ஆஷ் மெடோஸ் ஊற்று மீன்களும் கனிமத் தேடல் துளைகளும்

திறவுச்சொற்கள்: ஊற்று மீன்கள், நிலத்தடி நீர், கனிமத் தேடல், லித்தியம், நெவாடா

முன்னுரை

சுரங்கம் தோண்டுவது வேறு. தோண்டத்தக்க கனிமம் உண்டா என்று துளையிட்டுப் பார்ப்பது வேறு. பின்னதைச் சிறுபணியாகவே சட்டங்கள் பெரும்பாலும் கருதுகின்றன. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இக்கருத்து 2023இல் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. தீங்கை நிலப்பரப்பால் அளக்கும் விதி, ஊற்றில் வாழும் மீனுக்கு ஏன் காவலாக அமைவதில்லை என்பதை அந்நிகழ்வின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

ஊற்றும் மீனும்

ஆஷ் மெடோஸ், லாஸ் வேகஸ் நகரின் வடமேற்கே அமர்கோசாப் பாலைநிலத்தில் உள்ளது. தொலைவிலுள்ள மலைகளில் பெய்யும் மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறை விரிசல்களின் வழியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊர்ந்து இங்கு வந்து சேர்கின்றன. நிலப்பிளவு ஒன்றின் மறுபுறத்தில் நீர்புகாப் படிவுகள் அணைபோல் நிற்பதால், அந்நீர் அழுத்தத்துடன் மேலெழுந்து பல ஊற்றுகளாக வெளிப்படுகிறது. உலகில் வேறெங்கும் காணப்படாத 20க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இவ்வூற்றுகளைச் சார்ந்து வாழ்கின்றன.

அவற்றுள் புகழ்பெற்றது டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ் என்னும் மீன். அதன் இயற்கை வாழிடம் ஒரே ஒரு பாறைக்குழி. குழியின் ஆழம் 130 மீட்டரைக் கடந்தும் செல்கிறது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ். கரைந்துள்ள உயிர்வளியோ மிகக் குறைவு. இம்மீன் இரை தேடுவதும் முட்டையிடுவதும் குழியின் ஓரத்தில் ஆழமற்ற நீர் மூடிய, ஓர் அறையின் அளவேயுள்ள பாறைத் திட்டில்தான். நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் திட்டு வெளியே தெரியத் தொடங்கும். முட்டையிடும் இடம் சுருங்கும். 2013 வசந்தகாலக் கணக்கெடுப்பில் 35 மீன்களே இருந்தன. 2024இல் 191ஆக உயர்ந்த எண்ணிக்கை, தொலைதூர நிலநடுக்கங்கள் குழிநீரில் எழுப்பிய அலைகள் திட்டிலிருந்த பாசியையும் முட்டைகளையும் அடித்துச் சென்றபின், 2025இல் 38ஆகச் சரிந்தது. இத்தகைய இனத்திற்குப் பிழை பொறுக்கும் இடமே இல்லை.

நீர்மட்டமே அளவுகோல்: 1976 தீர்ப்பு

1960களின் இறுதியில் அருகிலிருந்த பண்ணையொன்று பாசனத்திற்காக நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கியது. கிணறுகள் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோதிலும் குழியின் நீர்மட்டம் தாழ்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 'கப்பார்ட் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்னும் பெயரில் 1976இல் ஒருமனதாகத் தீர்க்கப்பட்டது. 1952இல் அக்குழியைத் தேசிய நினைவிடத்துடன் இணைத்தபோதே அதைக் காக்கத் தேவையான நீருக்கும் உரிமை ஒதுக்கப்பட்டதாக நீதிமன்றம் கொண்டது. பாறைச்சுவரில் பதிக்கப்பட்ட செப்பு வில்லையிலிருந்து எத்தனை அடிக்குக் கீழே நீர் இறங்கலாகாது என்பதே கட்டுப்பாட்டின் வடிவம், அவ்வளவு 2.7 அடி என நிலைபெற்றது. மீனுக்கு உண்மையில் வேண்டியதை அளந்த தீர்ப்பு அது.

இரண்டு எக்டேர் என்னும் அளவுகோல்

கனிமத் தேடலுக்கான கூட்டரசு விதிகள் வேறொன்றை அளக்கின்றன. தேடல் பணி குலைக்கும் மேற்பரப்பு ஐந்து ஏக்கருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டு எக்டேருக்கு, மிகாதெனில் நிலமேலாண்மைப் பணியகத்திற்கு ஓர் அறிவிப்புக் கொடுத்தாலே பொதுவாகப் போதும். பணியகம் 15 நாட்களுக்குள் அதைப் பார்வையிடும். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு நடைபெறாது. அருகிவரும் உயிரினங்கள் வாழும் நிலத்திலும் நீரிலும் முழுமையான செயல்திட்டம் வேண்டும் என்னும் விலக்கு அவ்விதிகளிலேயே உண்டு. ஆனால் துளையிடும் இடத்தில் மீன் இல்லை. மீன் இருப்பது அத்துளை தொடக்கூடிய நீர் வெளிப்படும் இடத்தில். சிக்கல் முழுவதும் இவ்விடைவெளியில்தான் உள்ளது.

கனடா நிறுவனமொன்று லித்தியம் தேடி, ஆஷ் மெடோஸ் வனவிலங்குப் புகலிடத்தின் எல்லையருகே 30 துளைகள் வரை இட இவ்வாறே அறிவிப்புக் கொடுத்தது. அவற்றுட் சில, அருகிவரும் மற்றொரு பப்ஃபிஷ் வாழும் ஃபேர்பேங்க்ஸ் ஊற்றிலிருந்து சுமார் 600 மீட்டர் தொலைவுக்குள் அமைந்தன. அழுத்தத்திலுள்ள நீரை மூடி நிற்கும் களிப்படிவைத் துளை ஊடுருவினால், நீர் அத்துளை வழியே எழுந்து ஊற்றுக்குரிய அழுத்தத்தைக் குறைக்கக்கூடும். இது வெறும் ஊகமன்று. இதே ஆற்றுப்படுகையின் தெற்கே, கலிஃபோர்னியாவின் டெக்கோபா வட்டாரத்தில், 1960களில் இட்ட தேடல் துளையொன்றிலிருந்து இன்றும் வெந்நீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. 'துளை ஊற்று' என்று பொருள்படும் பெயரே அதற்கு வழங்குகிறது. உறைக்குழாய் இறக்கிச் சிமென்ட் கலவையால் அடைப்பது இத்தீங்கைக் குறைக்கும் வழிதான். எனினும் அழுத்தம் மிகுந்த நீரை எதிர்பாராமல் தொட்டபின் அடைப்பது எளிதன்று.

2023 ஜூலையில் அமர்கோசா கன்சர்வன்சி உள்ளிட்ட இரு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. இரு வாரங்களுக்குள் பணியகம் தன் இசைவைத் திரும்பப் பெற்றது. அதற்குக் கூறப்பட்ட காரணமே இங்கு முதன்மையானது: அருகிவரும் உயிரினங்கள் வாழும் ஊற்றுகளுக்கு நீரளிக்கும் நிலத்தடி நீரை இப்பணி குலைக்கக்கூடும் என்பதால் முழுச் செயல்திட்டம் தேவை எனப் பணியகம் முடிவு செய்தது. அதாவது, 1976இல் நீதிமன்றம் கைக்கொண்ட நீரியல் நோக்கிற்கு நிர்வாகமும் வழக்கின் நெருக்கடியில் வந்து சேர்ந்தது. விதியின் வாசகமோ மாறவில்லை. வேறோர் ஊற்றருகே வரும் அறிவிப்பும் முதலில் ஏக்கர்க் கணக்கிலேயே எடைபோடப்படும்.

2025 ஜனவரியில், ஆஷ் மெடோஸைச் சூழ்ந்த ஏறத்தாழ 3,09,000 ஏக்கர் கூட்டரசு நிலத்தில் 20 ஆண்டுகளுக்குப் புதிய கனிம உரிமைக் கோரல்களைத் தடுக்கும் முன்மொழிவு வெளியிடப்பட்டது. முன்பே செல்லத்தக்கனவாக உள்ள உரிமைகளை இத்தகைய தடை நீக்குவதில்லை; அவ்வுரிமைகளின்கீழ் இடப்படும் துளைகளுக்கு ஊற்று நீர்மட்டத்தை எல்லையாக வைப்பதா, மேற்பரப்பையே தொடர்ந்து அளப்பதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.