நீச்சல்... சைக்கிள்... ஓட்டம்! உங்கள் பெயரையும் எழுதிடலாமா?

மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே ஆபீஸ் நண்பர் ஆரம்பிக்கிறார். "நம்ம செக்‌ஷன்லேர்ந்து பத்துப் பேர் ட்ரையத்லான் போறோம். சின்ன தூரம்தான் சார்! உங்க பேரையும் எழுதிடட்டுமா?"

பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டி விட்டார். எதிரே இருக்கும் இளம்பெண் பணமே கட்டிவிட்டாள். இந்த நேரத்தில், "எனக்கு நீச்சல் சரியா வராதுப்பா" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? "சரி, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து முழிப்பவர்கள்தான் அதிகம்.

நல்ல விஷயம்தான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்படி ஓர் இலக்கு கிடைத்தால் உடம்பும் மனசும் சுறுசுறுப்பாகும். ஆனால், கூட்டத்தோடு கோவிந்தா போடுகிற சமாச்சாரம் இல்லை இது!

அப்படி என்ன போட்டி?

முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். 1974-ம் வருடம் செப்டம்பர் 25-ம் தேதி, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 46 பேர் கலந்துகொண்ட போட்டிதான் இன்றைய ட்ரையத்லானுக்குப் பிள்ளையார் சுழி. 2000-ல் சிட்னியில் இது ஒலிம்பிக் போட்டியாகவே ஆகிவிட்டது.

ஒலிம்பிக் தூரம் நமக்கு எட்டாது. 'ஸ்ப்ரின்ட்' எனப்படும் குட்டி ட்ரையத்லானில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 750 மீட்டர் என்பது, 25 மீட்டர் நீச்சல் குளத்தில் 30 முறை இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் போவது. நடுவே உடை, ஷூ மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

'ஓடும்போதுதான் மூச்சு முட்டும்' என்று நாம் நினைப்போம். உண்மை வேறு. அமெரிக்க ட்ரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த விபரீதங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. திடீர் மரணமோ, இதயத் துடிப்பு நின்றுபோவதோ நேர்ந்தது 120 பேருக்கு. அதில் 90 பேருக்கு நேர்ந்தது நீச்சலின்போது! பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இதயத்தில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது.

பயப்பட வேண்டாம். லட்சம் பேர் கலந்துகொண்டால் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் இப்படி நேர்கிறது. ஆனால் அந்த இருவரில் ஒருவர் நம் வீட்டு மனிதராக இருந்துவிடக் கூடாதே!

ஏன் நீச்சலில்? சைக்கிளில் களைத்தால் ஓரமாக நிறுத்திவிடலாம். ஓட்டத்தில் நடக்கலாம். தண்ணீரில்? காலுக்குக் கீழே தரை இல்லை. பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை. நாலா பக்கமும் கை, கால்கள் இடிக்கும். பதற்றத்தில் மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். நெஞ்சைப் பிடித்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

பெயர் கொடுப்பதற்கு முன்...

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் உள்ளவர்கள், புகைப் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சியையே ஆரம்பிக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு... இவற்றை 'கேஸ் டிரபிள்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குப் போட்டி நடுவே சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மருந்தின் அளவு, சாப்பாட்டு நேரம் இரண்டையும் டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி எப்படி?

நீச்சல் ஓரளவு தெரிந்தவர்களுக்கு மூன்று மாதம் வேண்டும். சுத்தமாகத் தெரியாதவர்கள் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும். போட்டி அடுத்த வருடமும் வரும். வாரத்தில் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடிப் பாருங்கள். கால் நம்முடையதே இல்லை என்பது போல் துவளும்! கடைசி சில வாரங்களில் சைக்கிள் முடித்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகினால் இது சரியாகும்.

போட்டி திறந்த நீர்நிலையில் என்றால், குளத்தில் பழகியது மட்டும் போதாது. பயிற்சியாளர், பாதுகாப்பு ஆட்களோடு அங்கும் இரண்டு மூன்று முறை நீந்திப் பழக வேண்டும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். 'யார் அதிக நேரம் மூச்சடக்குவது' என்ற விளையாட்டும் வேண்டவே வேண்டாம்.

போட்டி அன்று

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே இட்லி, வாழைப்பழம் போல வயிற்றுக்குப் பழகியதைச் சாப்பிடுங்கள். புதுசாக எதையும் பரீட்சை செய்ய அது நாள் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும்.

நீச்சலில் கூட்டத்தின் பின்னால், ஓரமாக நில்லுங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள். பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாதவரை தவறில்லை. நெஞ்சு இறுகினால் கையைத் தூக்குங்கள், அத்தோடு போட்டியை விட்டுவிடுங்கள். சைக்கிளைத் தொடும் முன்பே ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டிவிட வேண்டும் என்பது விதி.

முந்தின நாள் காய்ச்சலா? போகவே போகாதீர்கள். காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையே பாதிக்கப்படலாம்.

மூன்று பேர், ஒரு டீம்

பல போட்டிகளில் 'ரிலே' வசதி உண்டு. ஒருவர் நீந்த, இன்னொருவர் சைக்கிள் மிதிக்க, மூன்றாமவர் ஓடலாம். ஆபீஸ் நண்பர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. நீச்சல் வராத மானேஜர் சைக்கிள் மிதிக்கட்டும். நீச்சல் தெரிந்த ஜூனியர் தண்ணீரில் இறங்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று ஒரேயடியாகத் தடுக்காதீர்கள். "டாக்டர்கிட்ட காட்டியாச்சா? தண்ணியில எத்தனை தடவை இறங்கிப் பழகினீங்க?" என்று கேளுங்கள்.

இரண்டுக்கும் நேரான பதில் இருந்தால், வாழ்த்தி அனுப்புங்கள். இல்லை என்றால், மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இந்தத் தடவை நான் ஓட மட்டும் வரேன். நீச்சல் அடுத்த வருஷம்!" இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.